உடுக்களின் புழுதியும் கோள்களின் பிறப்பும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், டெங்கு ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்வதே நம் ஊர் வழக்கம். விழாக் குழுவினர் இம்முறை தலைப்பை எங்கள் விருப்பத்துக்கே விட்டார்கள். எனவே, இளம் உடுக்களைச் சுற்றிக் கிடக்கும் தூசியைப் பற்றிப் பேசப்போகிறோம். வைத்தியருக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். கண்ணால் நேரே பார்க்க முடியாத ஒன்றை ஒரு கருவியால் படமெடுத்து, அந்தப் படத்தில் தெரிவது உண்மைதானா என்று தலையைச் சொறிவது எங்கள் தொழில். வானவியலாளர்களின் தொழிலும் அதுவே. அவர்களுடைய நோயாளிகள் மட்டும் கொஞ்சம் தொலைவில் இருக்கிறார்கள்.

முதலில் செந்நிறக்கீழ்க் கதிர் என்றால் என்னவென்று பார்ப்போம். இந்தியப் புத்தகங்களில் அகச்சிவப்பு என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். 1800ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை ஓர் அரியத்தினூடாகச் செலுத்தி, பிரிந்து விழுந்த நிறங்கள் ஒவ்வொன்றிலும் குமிழ் கறுப்பாக்கப்பட்ட வெப்பமானியை வைத்து அளந்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப்போக வெப்பம் ஏறியது. சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்தில் வைத்தபோது இன்னும் கூடுதலாக ஏறியது. கண்ணுக்குத் தெரியாத ஒளியும் உண்டு என்பதற்கு அதுவே முதற்சான்று. அவருடைய தங்கை கரோலின் ஹேர்ஷலையும் இந்த மண்டபத்தில் சொல்லாமல் விட முடியாது. அண்ணனின் அவதானிப்புகளைப் பல்லாண்டு காலம் குறித்துக் கணக்கிட்டுக் கொடுத்தவர் அவர். தாமே வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்தவர். 1787இலிருந்து அந்த வேலைக்கு அரச ஊதியமும் பெற்றவர்.

இந்தக் கதிரை நீங்கள் எல்லோரும் அனுபவித்திருக்கிறீர்கள். கொரோனாக் காலத்தில் பாடசாலை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே ஒரு வெப்பமானி, அது உங்கள் உடலிலிருந்து வெளிவந்த செந்நிறக்கீழ்க் கதிரைத்தான் அளந்தது. சூடுள்ள எந்தப் பொருளும் கதிர் வீசும். பொருள் குளிரக் குளிர அக்கதிரின் அலைநீளம் கூடும். 37 பாகை செல்சியசில் இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 9 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தில் அதிகமாக வீசுகிறது. பூச்சியத்துக்குக் கீழே 200 பாகை அளவில் கிடக்கும் தூசி 40 மைக்கிரோமீற்றரை அண்டி வீசும். ஆகவே குளிர்ந்த தூசியும் இருட்டில் ஒளிர்கிறது. நமது கண்தான் அதற்குப் போதாது.

அதே காலத்தில் விரலில் மாட்டி ஒட்சிசன் அளவைப் பார்த்த சிறிய கருவியும் நினைவிருக்கும். அதனுள்ளே ஒரு சிவப்பு விளக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு செந்நிறக்கீழ் விளக்கும் இருக்கின்றன. அந்த ஒளி விரலைக் கடந்து மறுபக்கம் வருகிறது. நீலமும் பச்சையும் அப்படிக் கடக்கமாட்டா. உடு பிறக்கும் இடத்திலும் நிலைமை இதுவே. கட்புலனாகும் ஒளியைத் தடுக்கும் தூசித்திரையைச் செந்நிறக்கீழ்க் கதிர் ஊடுருவி வெளியே வருகிறது. ஒன்று, தூசிக்கு உள்ளே இருப்பதைக் காட்டும். மற்றொன்று, தூசியையே காட்டும். இந்த இரட்டைப் பயனுக்காகத்தான் இத்தனை கோடி செலவழித்துத் தொலைகாட்டிகளை அமைக்கிறார்கள்.

உடு எப்படிப் பிறக்கிறது? வாயுவும் தூசியும் கலந்த குளிர்ந்த முகில் ஒன்று தன் ஈர்ப்பாலே சுருங்குகிறது. சுருங்கும்போது அதில் இருந்த சிறு சுழற்சி வேகமெடுக்கிறது. வேகமாகச் சுழலும் சிறுமியின் பாவாடை விரிந்து தட்டையாவதுபோல, நடுவில் விழாமல் மிஞ்சிய பொருள் ஒரு தட்டாகப் பரவுகிறது. அந்தத் தட்டில்தான் கோள்கள் உருவாகின்றன. இதைக் கண்ணால் காணாமலே 1755இல் இம்மானுவேல் கான்ற் என்ற மெய்யியலாளர் எழுதினார். சூரியனைச் சுற்றும் கோள்கள் யாவும் ஏறத்தாழ ஒரே தளத்தில், ஒரே திசையில் போவதைப் பார்த்தே அந்த முடிவுக்கு வந்தார். 1796இல் லப்பிளாசும் அதே கருத்தைச் சொன்னார். ஆனால் வேறோர் உடுவைச் சுற்றி அப்படியொரு தட்டை எவரும் கண்டதில்லை. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1983 ஜனவரியில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து ஐராஸ் என்ற செய்மதியை ஏவின. 57 சென்ரிமீற்றர் ஆடி. அதை உறைய வைப்பதற்குத் திரவ ஹீலியம். ஏன் உறைய வைக்க வேண்டும்? சூடான தொலைகாட்டி தானே செந்நிறக்கீழ்க் கதிரை வீசும். கையில் எரியும் பெற்றோமக்சைப் பிடித்துக்கொண்டு மின்மினி தேடுவது போலாகிவிடும். பூமியின் வளிமண்டலமும் ஒளிர்கிறது. போதாததற்கு அதிலுள்ள நீராவி வானத்திலிருந்து வரும் கதிரில் பெரும்பகுதியை விழுங்கியும் விடுகிறது. ஆகவே விண்வெளிக்குப் போக வேண்டும், அங்கேயும் குளிரூட்ட வேண்டும். ஹீலியம் தீர்ந்ததும் பத்து மாதத்தில் ஐராசின் வேலை முடிந்தது.

அந்தப் பத்து மாதத்துக்குள் நடந்த ஒரு சம்பவம், ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எவருக்கும் நன்றாக விளங்கும். எந்த அளவீட்டுக் கருவிக்கும் ஒரு நியமம் வேண்டும். இரத்தப் பரிசோதனை இயந்திரத்துக்கு ஒவ்வொரு நாளும் காலையில் அளவு தெரிந்த ஒரு மாதிரியைக் கொடுத்துச் சரிபார்ப்பார்கள். வானவியலாளர்களுக்கு அப்படிப்பட்ட நியமமாக நெடுங்காலம் இருந்தது வேகா என்னும் உடு, நமது பெரியவர்கள் அபிசித்து என்று சொல்லும் அதே உடு. 25 ஒளியாண்டு தொலைவு, பிரகாசமானது, குழப்படி இல்லாதது என்றே நம்பியிருந்தார்கள். ஐராசைச் சரிபார்க்க ஓமான், கில்லற் என்ற இருவரும் வேகாவை அளந்தார்கள். 12 மைக்கிரோமீற்றரில் எல்லாம் ஒழுங்கு. 60இலும் 100இலும் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கதிர் வந்தது.

சரிபார்ப்பில் இப்படி வந்தால் எவரும் முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகிப்பார்கள். அவர்களும் சந்தேகித்தார்கள். மற்ற நியம உடுக்களை அளந்தார்கள். அவை ஒழுங்காக இருந்தன. வேகா மட்டும் மாறாமல் அதே மிகையைக் காட்டியது. கருவியில் பிழையில்லை என்று உறுதியான பிறகே, வேகாவைச் சுற்றிக் குளிர்ந்த தூசி இருக்கிறது என்று அறிவித்தார்கள். ஒரு திருத்தக் காரணியைப் போட்டு அந்த எண்ணைச் சரிக்கட்டியிருந்தால், பெரிய கண்டுபிடிப்பொன்று அன்றைக்கே குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். நியம மாதிரியே நோயாளியாக இருந்தது என்று இதைச் சொல்லலாம்.

விரைவில் பொமல்ஹோட், பீற்றா பிக்ரோரிஸ், எப்சிலன் எரிடானி ஆகியவற்றிலும் அதே மிகை கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் இவை யாவும் வெறும் எண்கள். படம் இல்லை.

படமெடுப்பதில் என்ன கஷ்டம்? தூசி மங்கலானது, பக்கத்திலேயே உடு கண்ணைக் கூசும் ஒளியோடு நிற்கிறது. முன்னால் வரும் பஸ்சின் விளக்குகளுக்கு நடுவே பறக்கும் நுளம்பைப் பார்க்கச் சொன்னால் எப்படி? கையால் விளக்கை மறைத்தால் ஓரளவு பார்க்கலாம். அதையே கருவிக்குள் செய்தார் பேர்னார்ட் லியோ என்ற பிரெஞ்சுக்காரர், 1930 அளவில், சூரியனின் ஒளிவளையத்தைப் பார்ப்பதற்காக. தொலைகாட்டிக்குள் உடுவின் விம்பம் விழும் இடத்தில் ஒரு சிறு மறைப்பை வைத்து, ஓரங்களில் சிதறும் ஒளியையும் தடுக்கும் அமைப்பு அது. 1984இல் சிலி நாட்டின் லாஸ் கம்பனாஸ் வானாய்வகத்தில் பிராட்போர்ட் சிமித், ரிச்சட் ரெரைல் என்ற இருவரும் அப்படிப்பட்ட மறைப்போடு பீற்றா பிக்ரோரிசைப் படமெடுத்தார்கள். உடுவின் இரு பக்கமும், விளிம்பிலிருந்து பார்த்த தட்டுப்போல, நீண்ட மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையேயுள்ள தூரத்தைப்போல ஒவ்வொரு பக்கமும் 400 மடங்கு நீளம். கான்ற் எழுதியதற்கு 229 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் நேரடிப் படம்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும், மாணவிகள் குறித்துக்கொள்ளலாம். சிமித்தும் ரெரைலும் எடுத்தது, தூசியில் பட்டுத் தெறித்த உடுவின் ஒளியை. கட்புலன் எல்லையை ஒட்டிய அலைநீளத்தில். ஐராஸ் அளந்தது, தூசி தானே வீசிய வெப்பத்தை. முன்னது கண்ணாடியில் தெறிக்கும் வெயில். பின்னது அடுப்பணைத்த பிறகும் சுடும் சட்டி. தெறித்த ஒளி தட்டின் மேற்பரப்பையும் நுண்ணிய துகள்களையும் காட்டும். வெப்பக் கதிர் தூசி எவ்வளவு சூடு என்பதையும், அதிலிருந்து அது உடுவுக்கு எவ்வளவு கிட்ட என்பதையும் சொல்லும். இன்னும் நீண்ட மில்லிமீற்றர் அலைகளில் பார்க்கும் அல்மா என்ற தொலைகாட்டி வரிசை மணல், பரல் அளவான துகள்களைக் காட்டும். 2014இல் அது எடுத்த எச்எல் ரோறியின் படத்தை உங்களில் சிலர் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள்: 450 ஒளியாண்டு தொலைவில், பத்து இலட்சம் வயதுகூட நிரம்பாத உடுவைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறிய தட்டு. ஒரே உடலுக்கு எக்ஸ்-கதிர்ப் படம், ஸ்கான், எம்ஆர்ஐ என்று மூன்றும் எடுப்பதுபோலத்தான். ஒன்று காட்டாததை மற்றது காட்டும்.

தரையிலிருந்து பார்ப்பதை வானவியலாளர்கள் கைவிட்டுவிடவில்லை. சிலியின் அற்றகாமாப் பாலைவனத்தில், 2635 மீற்றர் உயரமான பரனல் மலையில், 8.2 மீற்றர் ஆடி கொண்ட நான்கு தொலைகாட்டிகள் இருக்கின்றன. உலகத்திலேயே மிக வறண்ட இடங்களில் ஒன்று. நீராவித் தொல்லை குறைவு. ஆனாலும் காற்று அசையும், உடு மினுங்கும். அதைச் சரிசெய்ய, வளையும் தன்மையுள்ள ஒரு சிறு ஆடியை ஒரு செக்கனுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் நெளித்து, காற்று குலைத்த ஒளியை மறுபடி ஒழுங்காக்குகிறார்கள். இதே உத்தியைக் கண் வைத்தியத்துறையினர் எடுத்து, உயிருள்ள மனிதரின் விழித்திரைக் கலங்களைத் தனித்தனியாகப் படமெடுக்கப் பயன்படுத்துகிறார்கள். வானத்துக்குச் செலவழிக்கும் பணம் வீண் என்று வாதிடும் உறவினர் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

அங்கே 2014இல் பொருத்தப்பட்ட ஸ்பியர் என்ற கருவி இன்னொரு தந்திரமும் செய்கிறது. உடுவிலிருந்து நேரே வரும் ஒளி முனைவாக்கம் அற்றது. தூசியில் பட்டுத் தெறித்த ஒளி முனைவாக்கம் பெற்றது. கடற்கரையில் நல்ல கறுப்புக்கண்ணாடி போட்டால் நீர்ப்பரப்பின் கூச்சம் மறைகிறதே, அது இந்த வேறுபாட்டினால்தான். இரண்டு திசைகளில் வடிகட்டிப் படமெடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் உடு மறைந்துவிடும், தட்டு மிஞ்சும்.

கழித்தல் என்ற இந்தச் சொல்லில்தான் சற்று நின்று பேச விரும்புகிறோம். இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும்போது நாங்களும் கழிக்கிறோம். மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு படம், ஏற்றிய பின் ஒரு படம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எலும்பும் தசையும் மறைந்து குழாய் மட்டும் நிற்கும். நோயாளி இடையில் சற்று அசைந்துவிட்டாலோ, இல்லாத குழாய் இருப்பதுபோலவும் இருக்கும் குழாய் அறுந்ததுபோலவும் தெரியும். உடுவைக் கழிக்கும்போதும் அப்படியே. அளவுக்கு மீறிக் கழித்தால் தட்டில் இல்லாத இடைவெளி தோன்றும். இடைவெளி தெரிந்தால், அதைப் பெருக்கித் துடைத்தது ஒரு கோள் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆகவே இந்தத் துறையில் நல்ல ஆய்வாளர் யாரென்றால், தம் படத்தைத் தாமே அதிகமாகச் சந்தேகிப்பவர்.

நிறங்களைப் பற்றியும் ஒரு சொல். பத்திரிகையில் வரும் இந்தப் படங்களின் செம்மஞ்சளும் நீலமும் பூசப்பட்ட நிறங்கள். கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு நிறமேது? ஸ்கான் திரையில் இரத்த ஓட்டம் சிவப்பிலும் நீலத்திலும் தெரியும்போது, சிவப்பு நல்ல இரத்தமா, நீலம் கெட்ட இரத்தமா என்று தாய்மார் கேட்பார்கள். ஒன்று கருவியை நோக்கி வருவது, மற்றது விலகிப்போவது, அவ்வளவுதான். பூசிய நிறம் பொய்யல்ல. எதற்கு எந்த நிறம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

படத்தை நம்பிய ஒரு கதை இனி. பொமல்ஹோட் 25 ஒளியாண்டு தொலைவிலுள்ள, 44 கோடி ஆண்டு வயதான உடு. அதைச் சுற்றி அழகான தூசி வளையம் உண்டு. 2004இலும் 2006இலும் ஹபிள் தொலைகாட்டி கட்புலனாகும் ஒளியில் எடுத்த படங்களில், வளையத்துக்கு அருகே ஒரு சிறு புள்ளி இரண்டாண்டுக்குள் இடம்பெயர்ந்திருந்தது. 2008இல் போல் கலாஸ் தலைமையிலான குழு அது ஒரு கோள் என்று அறிவித்தது. உலகமெங்கும் செய்தி. 2015இல் பொதுமக்கள் வாக்கெடுப்பில் அதற்கு டேகன் என்று பெயரும் சூட்டியாயிற்று.

ஒரு முரண்பாடு மட்டும் தொடக்கத்திலிருந்தே உறுத்தியது. அந்த வயதுள்ள பெரிய கோள் இன்னும் சூடாக இருக்க வேண்டும். செந்நிறக்கீழ்க் கதிரில் தெரிய வேண்டும். ஸ்பிற்சர் விண்தொலைகாட்டி தேடியது, அங்கே ஒன்றுமில்லை. நோயாளியின் நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் தெரிகிறது. ஆனால் காய்ச்சலில்லை, இருமலில்லை, இரத்தத்திலும் ஒரு மாற்றமுமில்லை. அப்படியான நேரத்தில் பெயர் சூட்ட அவசரப்படக்கூடாது, சில கிழமை கழித்து மறுபடி படமெடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். உறவினர் வெளியே நின்று என்ன வருத்தம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது அப்படிக் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதும் எங்களுக்குத் தெரியும். பொமல்ஹோட்டையும் மறுபடி மறுபடி படமெடுத்தார்கள். புள்ளி மெல்ல மங்கி, பரந்து, 2014ஆம் ஆண்டுப் படத்தில் இல்லாமலே போயிற்று. கோள் காணாமற்போகாது. 2020இல் அன்ட்ராஸ் காஸ்பார், ஜோர்ஜ் ரீக்கி ஆகிய இருவரும் விளக்கம் சொன்னார்கள்: இரண்டு பெரிய பனிப்பாறைக் கோளங்கள் மோதிச் சிதறியதில் எழுந்த தூசிமுகில் அது, விரிந்து விரிந்து கரைந்துவிட்டது. எங்கள் கருத்தில், கோளைக் கண்டதைவிட இதுவே அரிய காட்சி. இன்னோர் உடுவின் அயலில் மோதல் நடந்த சுவட்டைக் கண்டுவிட்டோம் அல்லவா?

அடுத்தது ஜேம்ஸ் வெப். 2021 டிசம்பர் 25ஆம் திகதி ஏவப்பட்டு, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நிற்கிறது. பொன் பூசிய 18 அறுகோணத் துண்டுகள் சேர்ந்த 6.5 மீற்றர் ஆடி. சூரியனை மறைக்க ரெனிஸ் திடல் அளவான ஐந்தடுக்குத் திரை. அதிலுள்ள மிரி என்ற கருவிக்கு அதுவும் போதாது. தனிக் குளிரூட்டியால் 7 கெல்வினுக்குக் கீழே, அதாவது பூச்சியத்துக்கு 266 பாகை கீழே வைத்திருக்கிறார்கள். மிரியை உருவாக்கிய ஐரோப்பிய அணிக்குத் தலைமை தாங்கியவர் கிலியன் ரைற் என்ற பெண்மணி.

2023இல் மிரி பொமல்ஹோட்டைப் பார்த்தபோது, முன்பு தெரிந்த வெளிவளையத்துக்கு உள்ளே இன்னும் இரண்டு வளையங்கள் தெரிந்தன. மொத்தம் உடுவிலிருந்து 2300 கோடி கிலோமீற்றர் வரை பரந்த அமைப்பு. வளையங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளை, நாம் இன்னும் காணாத கோள்கள் காத்து நிற்கலாம். அடுத்த ஆண்டு, முதலில் எண்ணாக மட்டும் தெரிந்த வேகாவின் தட்டுப் படம் வெளிவந்தது. ஏறத்தாழ அதே வயது, அதே தொலைவு, அதே வகை உடு. ஆனால் அதன் தட்டு, நன்றாகத் தேய்த்த தோசைக்கல்போல, மழமழவென்று கிடந்தது. பெரிய கோள் எதுவும் உழுத தடயமே இல்லை. ஒரே வகுப்பில் படித்த இரண்டு பிள்ளைகள் ஏன் இப்படி வேறுவேறாக வளர்ந்தார்கள் என்பதற்கு இதுவரை சரியான விடையில்லை.

தட்டுக்குள் கோள் பிறப்பதை நேரே பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். 370 ஒளியாண்டு தொலைவில் பிடிஎஸ் 70 என்ற உடுவுக்கு 54 இலட்சம் வயது. வானத்துக் கணக்கில் இது பால்குடி. 2018இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த மிரியம் கெப்லரும் அவரது குழுவினரும், ஸ்பியர் எடுத்த செந்நிறக்கீழ்ப் படங்களில், தட்டின் இடைவெளிக்குள்ளே ஓர் இளங்கோள் இருப்பதைக் காட்டினார்கள். உடுவிலிருந்து ஏறக்குறைய 300 கோடி கிலோமீற்றர். நமது யுரேனசின் தூரம். ஆயிரம் பாகைச் சூட்டில் தகித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டே இரண்டாவது கோளும் அகப்பட்டது. 2021இல் மிரியம் பெனிஸ்ரி தலைமையிலான குழு, அந்த இரண்டாவது கோளைச் சுற்றியும் ஒரு சின்னத் தட்டு இருப்பதை அல்மாவால் காட்டியது. கோளுக்குத் தட்டு என்றால் நிலவுகள் உருவாவதற்கான பொருள் அங்கே கிடக்கிறது என்று கருத்து. இத்தனைக்கும் காலம் குறைவு. பாதிக்கு மேற்பட்ட இளம் உடுக்கள் சில மில்லியன் ஆண்டுகளிலேயே வாயுத் தட்டை இழந்துவிடுகின்றன. வியாழன் போன்ற பெரும்கோள் வளர வேண்டுமானால் அதற்குள் வளர்ந்துவிட வேண்டும்.

இந்தப் பேச்சில் பெண்களின் பெயர்கள் வந்துகொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாம் தேடிப் பொறுக்கவில்லை, துறையே அப்படித்தான். எங்கள் காலத்தில் கெட்டிக்கார மாணவி என்றால் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடுவார்கள். பௌதிகவியலை விரும்பிய பிள்ளைகளும் அதையே எடுத்தோம். வைத்தியராக வந்ததில் குறையொன்றுமில்லை. ஆனால் இன்று பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இங்கே இருப்பதால் இதைச் சொல்லிவைக்கிறோம்.

பீற்றா பிக்ரோரிசுக்கு மீண்டும் வருவோம். 63 ஒளியாண்டு, வயது 2 கோடி. தட்டின் உட்பகுதி வெளிப்பகுதியிலிருந்து சற்றுச் சாய்ந்திருப்பதை 1990களிலேயே கண்டு, ஒரு கோள் இழுக்கிறது போலும் என்று சந்தேகித்தவர்களில் ஆன்-மரி லக்ராஞ்சும் ஒருவர். 2003இல் பரனலில் எடுத்த செந்நிறக்கீழ்ப் படங்களில் உடுவின் ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது. 2008இல் அறிவித்தபோதும், பின்னணியில் தற்செயலாக நிற்கும் உடுவோ என்ற ஐயத்தை அவர்கள் மறைக்கவில்லை. 2009இல் பார்த்தபோது புள்ளி உடுவின் மறுபக்கத்துக்கு வந்திருந்தது. அதன் பிறகுதான் கோள் என்று உறுதியாகச் சொன்னார்கள். டேகனுக்கு நேர்மாறான கதை.

அதே உடுவில் அண்மையில் நடந்தது இன்னும் விசித்திரம். 2004, 2005இல் ஸ்பிற்சர் அதன் நிறமாலையை அளந்தபோது, உடுவுக்கு அருகே சூடான, மாவைப்போல் நுண்ணிய சிலிக்கேற்றுத் தூசி நிறைய இருந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து ஜேம்ஸ் வெப் அதே இடத்தை அளந்தது. அந்தத் தூசி இல்லை. கிறிஸ்ரின் சென் என்பவரின் குழு 2024இல் தந்த விளக்கம்: ஸ்பிற்சர் பார்ப்பதற்குச் சற்று முன்புதான் அங்கே மாபெரும் சிறுகோள் மோதல் நடந்திருக்கிறது. எழுந்த நுண்தூசியை உடுவின் ஒளியமுக்கமே ஊதி வெளியே தள்ளிவிட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் வேலை என்று நாம் நினைத்திருந்ததில் ஒரு பகுதி, ஒரு பிள்ளை பிறந்து பல்கலைக்கழகம் போகும் காலத்துக்குள் நடந்து முடிந்திருக்கிறது. பழைய படத்தை எறியாமல் வைத்திருந்ததால் அது தெரிய வந்தது. கிளினிக் கொப்பியைத் தொலைத்துவிட்டு வருபவர்களுக்கு நாங்கள் ஏன் ஏசுகிறோம் என்பது இப்போது புரியும்.

நமது ஞாயிற்றுத் தொகுதியும் இந்தக் கட்டங்களைக் கடந்து வந்ததே. 456 கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மிச்சத் தூசி இன்னும் கிடக்கிறது. விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில், விடியலுக்கு முன் கிழக்கில், கூம்பாக எழும் மெல்லிய வெண்மையைக் கண்டிருப்பீர்கள். சூரிய ஒளி அந்தத் தூசியில் பட்டுத் தெறிப்பது அது. குயீன் இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் பிரையன் மே அதை ஆராய்ந்துதான் 2007இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாமல் ஜாம்போத்தல் விளக்கில் படித்த எங்கள் தலைமுறைக்கு அந்த வெண்மை பழக்கமானது. அதன் பெயர் அப்போது தெரியாது.

பீற்றா பிக்ரோரிசை இங்கிருந்து வெறுங்கண்ணால் பார்க்கலாம். தை பிற்பகுதியிலும் மாசியிலும், நிலவில்லாத நாளாகப் பார்த்து, இரவு எட்டரை ஒன்பது மணிக்குத் தெற்கு நோக்கி நில்லுங்கள். அடிவானத்திலிருந்து நீட்டிய கையின் மூன்று முட்டி உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, மிகப் பிரகாசமாக நிற்பது அகத்தியர் உடு. அதற்கு வலப்பக்கம், மூன்று நான்கு விரல் அகலம் தள்ளி, சற்று மேலே ஒரு மங்கலான வெள்ளை உடு தெரியும். அதுதான். தட்டும் கோளும் கண்ணுக்குத் தெரியமாட்டா. வீதி விளக்கை அணைக்க முடியாதவர்கள் வளவின் பின்பக்கம் போய், கண் இருட்டுக்குப் பழகுவதற்குக் கால் மணித்தியாலம் கொடுங்கள். அதற்குள் போனைத் திறக்க வேண்டாம்.

கேள்விகள் இருந்தால் பின்வரிசையிலிருந்து தொடங்கலாம்.